ஒற்றை ஆள் தொழிலுக்கு வேண்டிய ஏடுகள்

கம்பெனி உத்தியோகத்தை விட்டு வந்தோ, படிப்பு முடிந்த கையோடோ, வீட்டில் ஒரு மேஜையையும் ஒரு லேப்டாப்பையும் மூலதனமாக வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பு, உள்ளலங்காரம், வீடியோ எடிட்டிங் முதலிய தொழில்களைச் சுதந்திரமாக நடத்திவருகிற ஃப்ரீலான்ஸர்கள் இன்று நம் நகரங்களில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுடைய திறமையில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை. ஆனால் வேலைகளைப் பட்டியலிட ஒரு செயலி, வாடிக்கையாளர் விவரங்களுக்கு இன்னொன்று, நேரத்தைக் கணக்கிட வேறொன்று, பில் போட மற்றொன்று என்று வருஷத்துக்கு வருஷம் சேர்ந்துவிட்ட சாதனங்களுக்குத் தீனி போடுவதிலேயே அந்தத் திறமைக்குரிய காலத்தில் ஒரு பகுதி கரைந்துபோவதைப் பார்க்கையில் மனம் வருந்துகிறது. ஒரே தேதியை மூன்று இடங்களில் எழுதிவிட்டு, நான்காவது இடத்தில் எழுத மறந்ததால் வேலை தவறிப்போகிற அவஸ்தை இவர்களில் பலருக்குப் பழக்கமானது.

இந்தச் சாதனங்கள் யாருக்காக, எந்தத் தேவையை முன்னிட்டுப் பிறந்தன என்று விசாரித்தால் விஷயம் தெளிவாகும். 2013ல் வெளிவந்த ஸ்லாக் என்பது, கிளிட்ச் என்ற இணைய விளையாட்டைத் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனி, வெவ்வேறு ஊர்களில் இருந்த தன் ஊழியர்கள் பேசிக்கொள்வதற்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தது. ஆசனா என்பதன் ஸ்தாபகர்களோ, ஃபேஸ்புக்கில் பணியாற்றிய காலத்தில் அங்குள்ளவர்கள் ஒருவர் வேலையை மற்றவர் அறிவதற்கென ஒரு சாதனத்தை உருவாக்கியவர்கள். பலர் கூடி உழைக்கும் இடத்தில், யார் எதைச் செய்கிறார் என்பது பிறருக்குத் தெரியாமற் போவதால் விளையும் குழப்பத்தைத் தீர்க்க வந்தவை இவை. அந்தக் காரியத்தில் இவற்றின் உபகாரம் பெரிது. தனியொருவராய்த் தொழில் நடத்துபவருக்கு அந்தக் குழப்பமே கிடையாது. அவருக்கு இருப்பது ஞாபகத்தைப் பற்றிய கவலை. அதற்கு நல்ல ஏடு போதும்.

ஏடு என்று நான் சொல்வது பழமைப் பற்றினால் அல்ல. 1494ல் வெனிஸ் நகரத்தில் அச்சான தம் கணித நூலில், லூக்கா பச்சோலி என்ற துறவி, அந்நகரத்து வியாபாரிகள் கணக்கு வைக்கும் முறையை விளக்கும்போது மூன்று புத்தகங்களையே கேட்கிறார்: நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கும் குறிப்பேடு, அதை ஒழுங்குபடுத்தும் நாளேடு, ஆள்வாரியாகப் பிரித்துக் காட்டும் பேரேடு. கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய நம் நாட்டுக்கோட்டை நகரத்தார்களும் குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று சில ஏடுகளைக் கொண்டே தம் தொழிலை நிர்வகித்தார்கள். அத்தனை பெரிய வியாபாரத்துக்குப் போதுமாயிருந்த ஒழுங்கு, மாதத்துக்கு ஐந்தாறு பில் போடுகிற ஒருவருக்குப் போதாமற்போக நியாயமில்லை. 1979ல் விசிகால்க் வந்தது முதல், ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் யாவும் தாமே மாறிக்கொள்ளும் விரிதாள் நம் கைக்குக் கிடைத்திருக்கிறது; எக்ஸெல் ஆனாலும், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் ஆனாலும் தத்துவம் ஒன்றே.

கோயம்புத்தூரில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் உள்ளலங்காரம் செய்து கொடுக்கும் ஒரு பெண்மணியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அவருடைய விரிதாளில் ஒரு வேலைக்கு ஒரு வரி. வேலை எண், வாடிக்கையாளர் பெயர், ஒப்புக்கொண்ட நாள், முடித்துத் தரவேண்டிய நாள், பேசிய தொகை, பில் எண், பில் நாள், பிடித்தம், வந்த தொகை, வந்த நாள் என்று பத்துப் பத்திகள். ஒரு கம்பெனிக்கு 60,000 ரூபாய்க்கு அவர் பில் கொடுத்தால், தொழில்முறைக் கட்டணம் என்ற வகையில் நூற்றுக்குப் பத்து, டி.டி.எஸ். என்ற வருமானவரியாகப் பிடித்துக்கொண்டு 54,000 ரூபாயை அவர்கள் வங்கிக்கு அனுப்புவார்கள். பிடித்தம் என்ற அந்தப் பத்தி இல்லாத தாளில் 54,000 மட்டுமே வரவாக நிற்கும். எஞ்சிய 6,000, வருமானவரித் துறையின் இணையதளத்தில் அவர் பெயரில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்ற நினைவே எழாது. கண்ணைக் கவரும் வரைபடங்களைக் காட்டுகிற எத்தனையோ செயலிகளைவிட இந்த ஒரு பத்தி அதிகப் பிரயோஜனமுள்ளது என்பது என் திடமான அபிப்பிராயம்.

சர்க்காரும் இப்படிப்பட்டவர்களிடம் அதிகம் கேட்பதில்லை. 2016ல் கொண்டுவரப்பட்ட ஏற்பாட்டின்படி, குறிப்பிட்ட சில தொழில்களைச் செய்வோர், உள்ளலங்காரம் அவற்றில் ஒன்று, ஆண்டு வரவு 50 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் அதில் பாதியையேனும் லாபமாகக் காட்டி வரி செலுத்திவிடலாம். விரிவான கணக்குப் புத்தகங்கள் வைக்கும் நிர்ப்பந்தம் அவர்களுக்கு இல்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டியதில்லை. பதிந்துகொண்ட பிறகுதான் பில் எண் பதினாறு எழுத்துக்கு மிகாமல், நிதியாண்டுக்குள் திரும்ப வராமல், தொடர்ச்சியாக அமையவேண்டும் என்பன போன்ற விதிகள் வருகின்றன. அந்த நிலையில் பில் போடுவதற்கென்று ஒரு செயலியை வைத்துக்கொள்வது உசிதமே. சென்னையில் வேரூன்றி வளர்ந்த ஸோஹோவின் செயலிகளும், 1986ல் தம் தந்தையின் வியாபாரக் கணக்குக்காக ஒரு மகன் எழுதத் தொடங்கிய டேலியும் இந்த வேலையை நன்றாகவே செய்கின்றன.

தாளிலுள்ள தேதிப் பத்திகளின் பெறுமதியையும் சொல்லவேண்டும். “இந்த வாரம் கண்டிப்பா போட்டுடறோம் மேடம்” என்று வாரந்தோறும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போகிறவர்கள், தங்கள் தொழிலைச் சர்க்காரின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொண்டால், இத்தகைய தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குத் துணை நிற்கிறது. பேசிக்கொண்ட தவணை எதுவானாலும் 45 நாளைக்கு மேல் போகக்கூடாது; போனால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டியாகத் தரவேண்டும். அந்த 45 நாளை எண்ணத் துணைசெய்வது பத்தி வரிசையிலுள்ள தேதிகளே.

சேர்ந்துவிட்ட செயலிகளைக் கழிப்பதில் அவசரம் கூடாது. ஒவ்வொன்றிலும் உள்ள விவரத்தைச் சி.எஸ்.வி. கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த சாதாரண எழுத்தாக, எந்த விரிதாளும் திறக்கக்கூடிய வடிவில் முதலில் இறக்கிக்கொள்ளவேண்டும். இறக்கியதைத் திறந்து, பெயர்களும் தேதிகளும் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கணக்கை மூடவேண்டும். சந்தாத் தொகை தானே கழிவதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கியிலிருந்து செய்தி வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தச் செய்தி வரும்போது, கடந்த மாதம் இதை எதற்குத் திறந்தோம் என்று யோசித்து, பதில் வராவிட்டால் அங்கேயே ரத்து செய்துவிடலாம். வாடிக்கையாளர் தம் செயலியில் வந்து சேரும்படி அழைத்தால் மறுக்கவேண்டியதில்லை. அங்கே அவருக்கு வேண்டியதைச் செய்துவிட்டு, தேதியையும் தொகையையும் மட்டும் நம் தாளுக்குக் கொண்டுவந்தால் போதும்.

நாளைக்கு அந்தக் கோவைப் பெண்மணி தமக்கு உதவியாக ஒருவரை வைத்துக்கொள்ளும்போது, யார் எந்தக் கடைக்கு அளவெடுக்கப் போனார் என்று இருவருக்கும் தெரியவேண்டிய அவசியம் பிறக்கும். பலருக்கென்று பிறந்த செயலிகளில் ஒன்றை அப்போது அவர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு வேலைக்கு ஒரு வரியாக எழுதிவந்த தாள் கையில் இருக்கிறபடியால், எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட ஒரு பிற்பகல் போதுமானது.