புகை சுடக் கூடாது

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. தேனீப் பெட்டியைத் திறந்து ரெண்டு சட்டம் தூக்குவதற்குள் புகைப்பான் அணைந்துவிடுகிறது என்கிறீர்கள். கோளாறு துருத்தியில் இல்லை. உள்ளே போடுகிற பொருளிலும் போடுகிற முறையிலும்தான்.

நம் மார்த்தாண்டம் பக்கம் தேங்காய் நார் இருக்க வேறெதற்கு அலைய வேண்டும்? காய்ந்த மட்டையைத் தட்டிப் பிரித்தால் போதும். நாரில் லிக்னின் அதிகம், அதனால் குப்பென்று எரிந்து தீராமல் கனன்றுகொண்டே கிடக்கும். பழைய சணல் சாக்கும் நல்லது. ஆனால் இப்போது வரும் சாக்கில் பலதும் பிளாஸ்டிக். ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள், உருகினால் வேண்டாம். வறட்டியும் புகையும், சாம்பல்தான் தொல்லை. சாயம் ஏறிய மரத்தூள், எண்ணெய்த் துணி, அரளிச் சுள்ளி எதுவும் கூடாது. சிலர் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கிறார்கள். அந்தத் தேனை அவர்களே சாப்பிடட்டும்.

பற்றவைக்கும்போது அவசரப்படாதீர்கள். கசக்கிய காகிதத்தைக் கொளுத்தி அடியில் போட்டு, அதன்மேல் ஒரு பிடி நாரைத் தளர்வாக வையுங்கள். துருத்தியை மெல்ல அழுத்த அழுத்த நாரில் தீ பிடிக்கும். பிடித்த பிறகுதான் அடுத்த பிடி. முதலிலேயே திணித்தால் காற்றுப் போக வழியிருக்காது. பலரும் சறுக்குவது இங்கேதான். அடியில் கங்கு நன்றாகச் சேர்ந்தபின் மேலே கொஞ்சம் அழுத்தி நிரப்பி, கடைசியாக ஒரு பிடி பச்சைப் புல்லை வைத்து மூடுங்கள். புல் பொறியைத் தடுக்கும், புகையையும் ஆற்றும். இடையில் கீழே வைப்பதானால் நிமிர்த்தியே வையுங்கள். சாய்த்தால் காற்றோட்டம் நின்று அணையும்.

பெட்டிக்குப் போகுமுன் புறங்கையில் ஊதிப் பாருங்கள். சுட்டால் இன்னும் பச்சை வையுங்கள். ரப்பர் தோட்டத்தில் தேன் வரத்து தொடங்கும்போது தரையெல்லாம் உதிர்ந்த சருகுதான். ஒரு பொறி விழுந்தால் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புகை தேனீயை மயக்குவதில்லை. ஒரு தேனீ கொட்டினால் வாழைப்பழ வாசம் போன்ற ஒன்று கிளம்பும். மற்றவற்றுக்கு அது ‘வாருங்கள், கொட்டுங்கள்’ என்ற அழைப்பு. புகைபட்டால் அந்த வாசத்தை உணரும் திறன் சற்று நேரம் மழுங்கும். கூடவே, நெருப்பு வந்துவிட்டதென்று பல தேனீக்கள் தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். அதற்கு வாசலில் ரெண்டு மூன்று ஊது போதும். ஊதிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் திறங்கள். நம் இந்தியத் தேனீ கோபத்தைவிட ரோஷம் அதிகமுள்ளது. தொந்தரவு தாங்காவிட்டால் பெட்டியையே காலி செய்துவிட்டுப் போய்விடும்.

வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றாதீர்கள். புகைப்பானின் மூக்கில் பச்சைப் புல்லைத் திணித்துச் சாய்த்து வைத்தால் தானே அணையும். முழுக்க ஆறும்வரை வண்டியில் ஏற்ற வேண்டாம். உள்ளே மிஞ்சும் கரிந்த நாரைக் கொட்டிவிடாதீர்கள், அடுத்த தடவை ஒரு தீக்குச்சியிலேயே பிடிக்கும்.