அறுநூற்று இருபத்து நான்கு குரல்கள்

மேல்நாட்டு மெல்லிசையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. "பாப் பாடல் என்பது மூன்று நிமிட ஆரவாரம், இன்று முணுமுணுத்து நாளை மறப்பதற்கு உரியது" என்பர் ஒரு கட்சியார். "நாலு பேர் சேர்ந்து பாட முடியாத பாட்டு என்ன பாட்டு? கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் ஆராய்வதற்கு இஃது என்ன தேர்வா?" என்பர் மறு கட்சியார். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் இதுபற்றி வழக்காடுவதைக் கேட்கிறோம். இந்த வழக்கில் இன்று ஒரே ஒரு பாட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

முதலில் வழக்கின் பின்னணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் 'புரோகிரசிவ் ராக்' என்னும் இசைவகை தலையெடுத்தது. முற்போக்கு ராக் என்று இதைத் தமிழில் சொல்லலாம். கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ் முதலிய குழுவினர் இதில் பெயர் பெற்றவர்கள். மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்ற கட்டுப்பாட்டை இவர்கள் உடைத்தார்கள். தாளத்தை நடுவழியில் மாற்றினார்கள். ஐரோப்பியச் செவ்விசையிலிருந்தும் ஜாஸ் இசையிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். 1972இல் யெஸ் குழு வெளியிட்ட 'குளோஸ் டு தி எட்ஜ்' என்ற இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டுத்தான். ஏறத்தாழ 18 நிமிடம் ஓடும். இத்தகைய இசையில் தோய்ந்த இரசிகர்கள், புத்தகம் படிப்பதுபோல் இசைத்தட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டார்கள். வானொலியில் வரும் சிறு பாடல்களை அவர்களுள் பலர் ஏளனமாகவே பார்த்தார்கள்.

ஆயினும், அந்த இரசிகர்களின் அலமாரியிலும் சில பாப் குழுக்களின் இசைத்தட்டுகள் இடம் பிடித்திருந்தன. அமெரிக்காவின் ஸ்டீலி டேன், இங்கிலாந்தின் சூப்பர்டிராம்ப், டென் சிசி ஆகியவை அத்தகையவை. கேட்பவர் வாய் முணுமுணுக்கும் மெட்டு, அதற்குள்ளே கூர்ந்து கேட்பவருக்குப் புதையல் - இதுவே இவர்களின் வழி. நாம் விசாரிக்கப்போகும் பாட்டு, டென் சிசி குழு 1975இல் வெளியிட்ட 'ஐம் நாட் இன் லவ்'. 'எனக்குக் காதல் இல்லை' என்பது இத்தலைப்பின் பொருள்.

இக்குழுவில் நால்வர். எரிக் ஸ்டூவர்ட், கிரஹாம் கோல்ட்மன், கெவின் காட்லி, லோல் கிரீம் என்பன அவர்கள் பெயர்கள். மான்செஸ்டர் வட்டாரத்துக்காரர்கள். ஸ்டூவர்ட் 1960களிலேயே மைண்ட்பெண்டர்ஸ் என்ற குழுவில் பாடிப் புகழ் பெற்றவர். கோல்ட்மன், யார்ட்பர்ட்ஸ், ஹாலிஸ் போன்ற குழுக்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். காட்லியும் கிரீமும் ஓவியக் கல்லூரியில் பயின்றவர்கள். பாட்டைக் காதால் மட்டுமல்லாமல் கண்ணாலும் காணும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. மெட்டுக்கு இருவர், விசித்திரக் கற்பனைக்கு இருவர் என்று அமைந்த கூட்டணி இது.

இவர்களுக்கு வாய்த்த பெரும் பேறு ஒன்று உண்டு. மான்செஸ்டரை அடுத்த ஸ்டாக்போர்ட் நகரில், ஸ்டிராபெரி என்ற ஒலிப்பதிவுக் கூடம் இவர்களுடைய கைக்குள்ளேயே இருந்தது. ஸ்டூவர்ட் அதன் பங்குதாரர். ஒலிப்பதிவுப் பொறியாளரும் அவரே. அந்தக் காலத்தில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. கடிகாரம் ஓட ஓடப் பணமும் ஓடும். அவசரம் அவசரமாகப் பாடிவிட்டு வெளியேறுவதே வழக்கம். சொந்தக் கூடத்தில் இருப்பவருக்கோ, தவறிப் பார்ப்பதற்கு நேரம் கிடைக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். நுட்பமான கலைக்கு அறிவு மட்டும் போதாது. பொறுமைக்கு இடம் கொடுக்கும் சூழலும் வேண்டும்.

பாட்டின் பிறப்பு மிகவும் எளியது. தம்மிடம் அன்புச் சொல்லை அடிக்கடி சொல்வதில்லை என்று ஸ்டூவர்ட்டின் மனைவி குறைபட்டுக்கொண்டாராம். எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பே போய்விடும் என்பது கணவரின் வாதம். இதை எப்படிப் பாட்டாக்குவது? காதலே இல்லை என்று ஒருவன் மறுத்துக்கொண்டே போகிறான். அவன் காட்டும் ஒவ்வொரு காரணமும் அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சுவரில் அவள் படம் தொங்குவது கறையை மறைப்பதற்காகத்தான் என்கிறான். கேட்கும் நமக்கு உண்மை விளங்கிவிடுகிறது. அவனுக்கு மட்டும் விளங்கவில்லை, அல்லது விளங்காததுபோல் நடிக்கிறான். 'இல்லை' என்று சொல்லி 'உண்டு' என்று உணர்த்தும் இந்த உத்தி, ஆராய்ந்து கேட்பவருக்கு விருந்து. ஆனால் புரிந்துகொள்ள எந்தப் படிப்பும் தேவையில்லை.

முதலில் இப்பாட்டைப் பிரேசில் நாட்டுப் 'போசா நோவா' தாளத்தில் பதிவு செய்தார்கள். காட்லிக்குப் பிடிக்கவில்லை. பாட்டு கைவிடப்பட்டது, ஒலிநாடாவையும் அழித்துவிட்டார்கள். ஆனால் கூடத்தில் பணியாற்றியவர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார்கள். பாட்டு செத்துவிடவில்லை என்பதை நால்வரும் உணர்ந்தார்கள். அப்போது காட்லி ஒரு யோசனை சொன்னார்: இசைக்கருவிகளை விட்டுவிட்டு, மனிதக் குரல்களாலேயே பின்னணி முழுவதையும் எழுப்பினால் என்ன?

யோசனை சொல்வது எளிது. செய்வது எப்படி? பெரிய பாடகர் கூட்டத்தை அமர்த்தலாம். ஆனால் மூச்சு வாங்காமல் ஆறு நிமிடம் பாட எவராலும் முடியாது. முற்போக்கு ராக் குழுவினர் விரும்பிப் பயன்படுத்திய மெலோட்ரான் என்ற கருவி உண்டு. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒலிநாடாத் துண்டு ஒன்று இருக்கும். கட்டையை அழுத்தினால் அதில் பதிந்த ஒலி எழும். ஆனால் அந்தத் துண்டு சுமார் 8 விநாடிகளில் தீர்ந்துவிடும். பிறகு கட்டையை விட்டுவிட்டு மறுபடியும் அழுத்த வேண்டும். இவர்களுக்கு வேண்டியதோ, தீராத ஒலி.

விடை, ஒலிநாடாவை வளையமாக்குவதில் இருந்தது. மேல்நாட்டு இசையிலும் ஒரு ஸ்தாயிக்கு 12 சுரத்தானங்கள். மேல் ஸ்தாயித் தொடக்கச் சுரத்தையும் சேர்த்தால் 13. ஸ்டூவர்ட் கருவிகளை இயக்க, மற்ற மூவரும் ஒலிவாங்கியைச் சூழ்ந்து நின்று ஒரே சுரத்தை 'ஆ' என்று நீட்டிப் பாடினார்கள். அதையே 16 முறை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார்கள். மூவர் 16 முறை பாடினால் 48 குரல். இப்படி 13 சுரங்களுக்கும் செய்தார்கள். பெருக்கிப் பாருங்கள்: 624 குரல்கள்! இதற்கே சுமார் மூன்று வாரம் பிடித்தது.

பிறகு ஒவ்வொரு சுரத்தின் ஒலிநாடாவையும் சுமார் 12 அடி நீளத்துக்கு வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினார்கள். அந்த வளையம் பதிவுக் கருவியிலிருந்து வெளியே வந்து, சற்றுத் தள்ளி நின்ற தாங்கியைச் சுற்றி, மீண்டும் கருவிக்குள் சென்றது. வளையத்துக்கு முடிவு ஏது? சுரம் ஓயாமல் ஒலித்தது. அதை வேண்டிய நேரத்துக்கு நீட்டி, பெரிய பதிவுக் கருவியின் 16 தடங்களில் ஒரு தடத்தில் பதிந்தார்கள். 13 சுரங்களுக்கு 13 தடங்கள் நிரம்பின.

இனிதான் அழகு. ஒலிக்கலவை மேசையில் ஒவ்வொரு தடத்துக்கும் மேலும் கீழும் தள்ளும் ஒரு சிறு பிடி உண்டு. மேலே தள்ளினால் அச்சுரம் ஓங்கும். கீழே இழுத்தால் அடங்கும். நால்வரும் மேசையின் முன் கூடி, ஆளுக்குச் சில பிடிகளைப் பற்றிக்கொண்டு, பாட்டின் போக்குக்கு ஏற்ப அவற்றைத் தள்ளியும் இழுத்தும் இசைத்தார்கள். ஒலிப்பதிவு மேசையே வாத்தியமாகிவிட்டது! எந்தச் சுரமும் அடியோடு மறைந்துவிடாதபடி, பிடிகளின் கீழ்ப்பக்கத்தில் பசைநாடா ஒட்டித் தடுத்தும் வைத்தார்கள். அதனால் 13 சுரங்களும் எந்நேரமும் மெல்லிய மூச்சுப்போல அடியில் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. தம்புராவின் ஒலி கச்சேரியைத் தாங்குவதுபோல் அந்த மூச்சு பாட்டைத் தாங்குகிறது. மனிதன் வாயால் 'இல்லை' என்கிறான். அவனைச் சூழ்ந்த காற்றெல்லாம் 'உண்டு' என்கிறது. நுட்பம் பொருளுக்குத் தொண்டு செய்கிற இடம் இதுவே.

நடுவில் ஒரு பெண் இரகசியம் பேசுவதுபோல் சில சொற்கள் சொல்கிறார். அவர் பாடகி அல்லர், அக்கூடத்தின் பணியாளர். தொலைபேசி அழைப்பு வந்திருப்பதாகத் தெரிவிக்கக் கதவைத் திறந்து தாழ்ந்த குரலில் பேசினாராம். அந்தக் குரலே வேண்டும் என்று பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள்.

ஆறு நிமிடம் ஓடும் பாட்டு இது. வானொலிக்கு ஆகாது என்று யாரும் எண்ணக்கூடும். நடந்தது வேறு. 1975 ஜூன் இறுதியில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்று இரண்டு வாரம் அங்கேயே நின்றது. அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை ஏறியது. இதே பாட்டு அடங்கிய 'தி ஒரிஜினல் சவுண்ட்டிராக்' என்ற இசைத்தட்டு, பாரிஸ் நகர இரவைப் பற்றிய மூன்று பகுதி நாடகப் பாட்டு ஒன்றுடன் தொடங்குகிறது. அஃது எட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடும். அதை விரும்பியவர் முற்போக்கு இரசிகர். இதை விரும்பியவர் ஊரார் அனைவரும். இரண்டையும் படைத்தவர்கள் அதே நால்வர்தாம்.

வழக்கு இத்துடன் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் கதையின் பிற்பகுதியையும் பார்க்காமல் தீர்ப்பு வழங்குவது முறையன்று. காட்லியும் கிரீமும் 'கிஸ்மோ' என்ற ஒரு கருவியை ஆக்கியிருந்தார்கள். கிட்டாரின் மீது பொருத்தினால், சிறு சக்கரங்கள் சுழன்று தந்திகளை உரச, வயலினைப்போல் நீண்ட ஒலி எழும். அதைக்கொண்டு தங்கள் விருப்பப்படி இசை அமைக்க, 1976இல் இருவரும் குழுவைவிட்டுப் பிரிந்தார்கள். 1977இல் 'கான்சிக்வென்சஸ்' என்ற பெயரில் மூன்று தட்டுகள் கொண்ட பெரும் படைப்பு வெளிவந்தது. உழைப்புக்குக் குறைவில்லை, கற்பனைக்கும் குறைவில்லை. ஆனால் கேட்பவர் கைப்பிடித்து நடக்க ஒரு மெட்டு அதில் எளிதில் அகப்படவில்லை. அது விற்பனையில் தோல்வி கண்டது. மறுபுறம், ஸ்டூவர்ட்டும் கோல்ட்மனும் பழைய பெயரிலேயே தொடர்ந்து, 1978இல் 'டிரெட்லாக் ஹாலிடே' என்ற பாட்டால் மீண்டும் முதலிடம் பெற்றார்கள். இனிய பாட்டுத்தான், என்றாலும் 624 குரல்களை எழுப்பிய துணிச்சல் அதில் இல்லை என்று வருந்திய இரசிகர்கள் பலர். பிரிந்த இருவரும் பின்னர்ப் பாடல் படங்கள் இயக்குவதில் புகழ் பெற்றார்கள். ஓவியக் கல்லூரிப் பயிற்சி அங்கே கைகொடுத்தது. ஸ்டிராபெரி கூடம் 1993இல் மூடப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? எளிமையும் நுட்பமும் பகைவர்கள் என்று நினைத்து இரு கட்சியாரும் வழக்காடினார்கள். நால்வர் ஒன்றாக இருந்தபோது, காட்லி வேண்டாம் என்று சொல்ல, ஸ்டூவர்ட், கோல்ட்மன் இருவரின் மெட்டு கூர்மை பெற்றது. பணியாளர்களின் முணுமுணுப்பைக் கேட்டுக் காட்லியின் கற்பனை தரைக்கு வந்தது. ஒருவரையொருவர் தடுத்ததே அவர்களை வளர்த்தது. பிரிந்தபின் ஒரு பாதிக்குத் தடுப்பார் இல்லை. மறு பாதிக்குத் தூண்டுவார் இல்லை.

இன்று கணினி இருக்கிறது. 624 குரல்களை ஒரு மாணவன் தன் படுக்கையறையில் இருந்தபடியே ஒரு மாலைப் பொழுதில் அடுக்கிவிடலாம். கருவி கிடைத்துவிட்டது, 'இது சரியில்லை, அழித்துவிடு' என்று சொல்லும் நண்பன் கிடைப்பதுதான் இன்றும் அரிது. வீட்டில் அண்ணனும் தம்பியும் இசையைப் பற்றி வழக்காடினால், பெரியவர்கள் உடனே வானொலியை அணைத்துவிட வேண்டாம். இருவரையும் ஒரே பாட்டை இருமுறை கேட்கச் சொல்லுங்கள்: முதல் முறை மெட்டுக்காக, இரண்டாம் முறை அடியில் ஓடும் மூச்சுக்காக.