வினையறிந்து படிப்போம்

தோசையை வார்க்கிறோம், இட்லியை அவிக்கிறோம், சோற்றை வடிக்கிறோம், குழம்பை வைக்கிறோம், அப்பளத்தைப் பொரிக்கிறோம், காபியைப் போடுகிறோம். சமையலறை ஒன்றுதான், அடுப்பும் ஒன்றுதான். ஆயினும் ஒவ்வொரு பண்டமும் தனக்குரிய வினைச்சொல்லையே துணையாகக் கேட்கிறது. 'குழம்பு வார்த்தேன்' என்று ஒருவர் சொன்னால், பொருள் ஒருவாறு விளங்கினும், அவர் தமிழுக்குப் புதியவர் என்பதை உடனே அறிந்துகொள்கிறோம். இதற்கான விதியை நமக்கு எவரும் கற்பிக்கவில்லை. கேட்டுக் கேட்டே பழகினோம்.

ஆங்கிலமும் இத்தகையதே. அங்கும் பெயர்ச்சொற்களும் பெயரடைகளும் தமக்கு இசைந்த வினைகளோடுதான் சேர்கின்றன. 'தவறு செய்தேன்' என்னும் நம் வழக்கை மனத்தில் வைத்து 'டூ எ மிஸ்டேக்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலேயரோ 'மேக் எ மிஸ்டேக்' என்பர். 'தேர்வு எழுதினேன்' என்பதை அப்படியே 'ரைட் அன் எக்ஸாம்' ஆக்குகிறோம். அவர்கள் 'டேக்' என்றோ 'சிட்' என்றோ கூறுவர்.

உரையாடலில் இத்தகைய பிழை நேர்ந்தால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வங்கிப் படிவத்திலும் கடன் ஒப்பந்தத்திலும் நிலைமை வேறு. அங்கே 'லோன்', 'செக்', 'இன்ட்ரஸ்ட்' ஆகிய பெயர்ச்சொற்களில்தான் நம் கண் பதிகிறது. யார் தருவது, யார் பெறுவது, யார் பொறுப்பேற்பது என்பதையெல்லாம் அவற்றின் அருகில் நிற்கும் வினைச்சொல்லே தீர்மானிக்கிறது.

டோக்கியோவில் பிறந்த அகராதி

சொற்களின் இத்தகைய சேர்க்கையைக் கருத்தூன்றி ஆராய்ந்தோர், ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்த ஆசிரியர்களே. ஜப்பானில் பணியாற்றிய ஹெரால்டு பால்மர் 1933-ஆம் ஆண்டில் ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அவருடன் உழைத்த ஏ. எஸ். ஹார்ன்பி, பிறருடன் சேர்ந்து தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் அச்சானது. அதனையே 1948-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. இன்று நம் மாணவர் பலரின் மேசையில் இருக்கும் ஆக்ஸ்போர்டு பயில்வோர் அகராதியின் மூலம் அதுவே. 1920-களில் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிப் பின்னர் லண்டனில் புகழ்பெற்ற ஜே. ஆர். ஃபர்த், ஒரு சொல்லின் பொருளை அதனுடன் பழகும் சொற்களைக் கொண்டே அறிய வேண்டும் என்னும் கொள்கையை நிலைநாட்டினார்.

வட்டி ஒன்று, வினை நான்கு

வங்கி கடனுக்கு வட்டி விதிக்கும்போது 'சார்ஜ்' என்னும் வினை வருகிறது. கடன் பெற்றவர் வட்டி செலுத்துவது 'பே'. வைப்புத்தொகை வைத்தவர் வட்டி ஈட்டுவது 'எர்ன்'. அந்த வைப்புத்தொகையே வட்டி தருவதாகச் சொல்லும்போது 'பேர்' என்பர். மரம் காய்ப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே வினைதான். 'வட்டி குட்டி போடும்' என்று நம் ஊரில் சொல்வதற்கும் இதற்கும் அதிகத் தொலைவில்லை.

இவை நான்கையும் விட்டு, 'வாங்குதல்' என்பதை நினைத்து 'டேக்' என்று எழுதினால் என்ன ஆகும்? 'இன்ட்ரஸ்ட்' என்பதற்கு ஆர்வம் என்ற பொருளும் உண்டு. 'டேக்' வந்து சேர்ந்ததும் பெரும்பாலும் அந்தப் பொருளே முந்திக்கொள்ளும். 'வங்கி என்னிடம் மிகுதியாக வட்டி வாங்குகிறது' என முறையிட எண்ணியவர், 'வங்கி என்மீது மிகுந்த ஆர்வம் காட்டுகிறது' என்று எழுதியவராவார். பாராட்டுக்கு நாம் நன்றி கூறலாம். அவர் குறையோ தீராது.

காசோலைக்கும் இவ்வாறே தனித்தனி வினைகள் உண்டு. அதை எழுதிக் கையொப்பமிடுவது 'டிரா'. வங்கியில் அளிப்பது 'பிரசென்ட்'. குறுக்கே கோடிடுவது 'கிராஸ்'. பணம் தராதே என அறிவுறுத்துவது 'ஸ்டாப்'. வங்கி அதற்குரிய பணத்தை வழங்குவதை 'ஹானர்' என்பர். மதித்தல் என்று பொருள். பணமின்றித் திரும்பினால் 'டிஸ்ஹானர்'. நாம் 'செக் திரும்பி வந்துவிட்டது' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கொடுத்த வாக்கு மதிப்பிழந்தது என்பதே அந்த ஆங்கிலச் சொல்லின் கருத்து. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 138-ஆம் பிரிவின்கீழ் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் கருதுகிறது.

போவதும் விழுவதும் கிடப்பதும்

வினைச்சொல் பெயரடையோடு சேரும் முறை இன்னும் சுவையானது. பால் கெட்டால் 'கோ பேட்'. கணக்குப் பிசகினால் 'கோ ராங்'. தொழில் நொடித்தால் 'கோ பேங்க்ரப்ட்'. இவற்றில் 'கோ' பெரும்பாலும் கேட்டைச் சுட்டுகிறது. கனவு பலித்தாலோ 'கம் ட்ரூ' என்கிறார்கள். தமிழர்க்கு இதில் வியப்பில்லை. கெட்டுப் போயிற்று, உடைந்து போயிற்று, நொடித்துப் போயிற்று என்று நாமும் இழப்பைப் 'போ' என்னும் சொல்லில் ஏற்றுகிறோம்; நல்லது நடந்தால் 'கைகூடி வந்தது' என்கிறோம். நிறுவனம் பங்குச் சந்தைக்கு வருவதைக் குறிக்கும் 'கோ பப்ளிக்' போன்ற விலக்குகளும் உண்டு.

தவணை நாள் வருவதை 'ஃபால் டியூ' என்பர். நோய்வாய்ப்படுவதற்கும் உறங்கிவிடுவதற்கும் அவர்கள் 'ஃபால்' என்ற வினையையே ஆள்கிறார்கள். நம் விருப்பத்தைக் கேளாமல் வந்து சேர்வன இவை. தவணையும் அத்தகையதே. கடன் தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால், அது வாராக்கடன் வரிசைக்குச் சென்றுவிடும்.

பயன்படாமல் கிடக்கும் பணத்திற்கு 'லை ஐடில்' என்பது வழக்கு. இரண்டாண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத சேமிப்புக் கணக்கு 'இன்ஆபரேட்டிவ்' ஆகிறது. பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால், அத்தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அதன் பின்னரும் உரியவரோ வாரிசுகளோ வங்கியை அணுகிப் பெறலாம். எனினும் கணக்கைக் கிடக்க விடாதிருப்பதே நன்று.

போடுவதும் நிற்பதும்

இனி, மிகவும் கருதிப் பார்க்கவேண்டிய ஒரு சேர்க்கை. நண்பர் ஒருவர் கடன் பெறுகிறார். 'ஒரு கையெழுத்துத்தானே அண்ணே, போட்டுக் கொடுங்கள்' என்கிறார். நாமும் போடுகிறோம். 'போடு' என்பது எளிய வினை. காபி போடுவதுபோல் நொடியில் முடிந்துவிடும் செயலாகத் தோன்றும். ஆனால் அதே செயலை வங்கி வழக்கில் 'ஸ்டாண்ட் கேரண்டி' என்பர். அதன் வினை 'நிற்றல்'. நம் முன்னோரும் 'பிணை போடுதல்' என்னாது 'பிணை நிற்றல்' என்றே வழங்கினர். போட்டவர் எழுந்து போய்விடலாம். நின்றவர் கடன் தீரும்வரை நிற்க வேண்டும்.

சட்டம் கூறுவதும் இதுவே. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவில், ஒப்பந்தம் வேறு கூறாதவரை, பிணை நிற்பவரின் பொறுப்பு கடன் பெற்றவரின் பொறுப்புக்கு இணையானது என்கிறது. கடனாளி கட்டத் தவறினால், அசலும் வட்டியும் பிணை நின்றவரிடமும் கேட்கப்படும். உதவி செய்வது நற்பண்பே. ஆனால் கையெழுத்துப் போடுகிறோமா, பிணை நிற்கிறோமா என்பதை அறிந்து செய்வது அதனினும் நன்று.

நாம் செய்யக்கூடியது

ஆங்கிலச் சொல் ஒன்றைப் புதிதாகக் கற்கும்போது அதனைத் தனியே எழுதிவைக்காமல், அதன் வினைத்துணையோடு ஒரு சிறு தொடராகக் குறித்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கும் அவ்வாறே கற்பிப்போம். படிவத்தில் கையொப்பமிடுமுன், ஒவ்வொரு தொடரிலும் வினை எது, அதனைச் செய்யவேண்டியவர் யார் என்று ஒருமுறை பார்ப்போம். விளங்காவிடில் கேட்கத் தயங்கவேண்டா. பொதுவாடிக்கையாளர் பயன்படுத்தும் அச்சுப் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, வட்டாரமொழி ஆகிய மூன்றிலும் கிடைக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். தமிழ்ப் படிவத்தைக் கேட்டுப் பெறுங்கள். ஆங்கிலத்தில் 'ஸ்டாண்ட்' என்று நிற்கும் சொல், தமிழில் 'நிற்கிறேன்' என்று நேருக்குநேர் நம்மைப் பார்க்கும்.