ரோட்டில் கேட்ட மாணவர் குரல்!
சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழக வாசலில் நிற்பது மாணவர் ராஜேந்திரன் சிலை. 1965 ஜனவரி 27-ந் தேதி, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலியானவர். அன்று ஓட்டுப் போட 21 வயது ஆக வேண்டும். பிறகு எங்கே பேசுவது? ரோட்டில்தான்!

1967-ல் மாணவர் தலைவர் பெ.சீனிவாசன் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். 1989-ல் 18 வயதுக்கு ஓட்டு வந்தது. கல்லூரித் தேர்தலுக்கு லிங்டோ குழு சொன்ன விதிகளை 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றது.

பள்ளிக்கூடத்தில்? கடலூர் ஆனாலும் சிதம்பரம் ஆனாலும் சட்டம் ஒன்றுதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு. வாத்தியாருக்கும் உண்டு, உள்ளாட்சி உறுப்பினருக்கும் உண்டு. அந்தப் பிரிவில் மாணவன் பேரையே காணோம். குழாயில் தண்ணி வரலை, கக்கூஸ் கதவு உடைஞ்சு கிடக்குதுன்னு முதலில் தெரிவது அவனுக்குத்தானே!