கண்ணும் கையும் கருத்தும் சாலையில் இருக்கட்டும்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன் எல்லாம் பேசுகிறோம். சாலையைப் பற்றிப் பேசுவது அபூர்வம். ஆனால் நம் வாழ்க்கையில் பாதி சாலையில்தான் ஓடுகிறது. வங்கிக்கும் சந்தைக்கும் ஷேர் ஆட்டோவில் போகிறோம். பிள்ளைகள் பள்ளிக்கு வேனில் போறாங்க. வீட்டுக்காரர் டிராக்டரோ லோடு ஆட்டோவோ ஓட்டுறார். நம்மிலேயே பலர் ஸ்கூட்டியும் டிவிஎஸ் வண்டியும் ஓட்டுகிறோம். சில குழுக்களில் கடன் வாங்கி ஆட்டோ எடுத்த உறுப்பினர்களும் உண்டு. அந்த வண்டி ஒரு முறை கவிழ்ந்தால் ஆளுக்கும் ஆபத்து, தவணையும் நின்றுபோகும். அதனால் இந்த இதழில் ஒரே ஒரு விஷயத்தை விளக்கமாகப் பார்ப்போம். அதுதான் வண்டி ஓட்டும்போது கவனம் சிதறுவது.

கவனம் மூன்று இடத்தில் சிதறும்

எந்த வேலையையும் சரியாகச் செய்கிறவரை 'கண்ணும் கருத்துமா செய்றாரு' என்று சொல்வோம். வண்டி ஓட்டுவதற்குக் கண், கருத்து இரண்டோடு கையும் சேர வேண்டும்.

கண் சிதறுவது: போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பது, வாட்ஸ்அப் பார்ப்பது, பின் சீட்டில் இருப்பவரிடம் திரும்பிப் பேசுவது.

கை சிதறுவது: ஒரு கையில் போன், ஒரு கையில் ஹேண்டில் பார். சட்டைப் பையில் சில்லறை தேடுவதும், பாட்டு மாற்றுவதும் இதில் சேரும். ஷேர் ஆட்டோவில் டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்தால் அவரால் ஹேண்டிலை முழுசாகத் திருப்ப முடியாது. பக்கக் கண்ணாடியும் தெரியாது.

கருத்து சிதறுவது: கண் ரோட்டில் இருக்கும், கை ஹேண்டிலில் இருக்கும், மனசு மட்டும் போனில் வந்த சண்டையிலோ கடன் பேச்சிலோ இருக்கும். இது வெளியே தெரியாது. அதனாலேயே இது பெரிய ஆபத்து.

போன் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொள்ளும். வண்டி ஓட்டும்போது போனைப் பயன்படுத்துபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு, பயன்படுத்தாதவரைவிடச் சுமார் 4 மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மூணு வினாடியில் என்ன ஆகிவிடும்?

'ஒரு நிமிஷம்கூட இல்லையே, சும்மா யாருன்னு பார்த்தேன்' என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு நமக்குப் புதுசா என்ன?

40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடிக்குச் சுமார் 11 மீட்டர் ஓடும். மூன்று வினாடி போனைப் பார்த்தால் 33 மீட்டர் போயிருக்கும். தென்னந்தோப்பில் 25 அடிக்கு ஒரு கன்று வைப்போம் இல்லையா? அந்த இடைவெளியில் நாலு மரத்தைத் தாண்டிவிடும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் அதே மூன்று வினாடியில் 50 மீட்டர், அதாவது ஆறு மரத்துக்கும் மேலே. அவ்வளவு தூரமும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அந்த இடைவெளியில் ஒரு ஆடு குறுக்கே வரலாம், பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு பிள்ளை ஓடி வரலாம்.

இன்னொன்றும் உண்டு. எதிரே ஒன்றைப் பார்த்ததும் வண்டி உடனே நிற்காது. பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்கவே ஒரு வினாடிக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகுதான் வண்டி வேகம் குறையத் தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நாலு மடங்காகும். மழை பெய்த ரோட்டிலும், மணல் கிடக்கும் ரோட்டிலும் இன்னும் கூடும்.

புளூடூத் மாட்டிக்கொண்டால் பரவாயில்லையா?

பலருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. சிலர் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுகிறார்கள். சிலர் தலையைச் சாய்த்துத் தோளில் போனை இடுக்கிக்கொண்டு ஓட்டுகிறார்கள். 'கை ரெண்டும் ஹேண்டில்லதானே இருக்கு' என்று வேறு சொல்வார்கள்.

அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நிஜ ரோட்டில் இல்லாமல், ரோடு போலவே காட்டும் ஒரு கருவியில் 40 பேரை ஓட்ட வைத்தார்கள். ஒரு முறை சும்மா ஓட்டினார்கள், ஒரு முறை மது குடித்துவிட்டு ஓட்டினார்கள், பிறகு போனைக் கையில் பிடித்தும், கையில் பிடிக்காமலும் பேசிக்கொண்டு ஓட்டினார்கள். முன்னால் போன வண்டியில் மூன்று பேர் மோதினார்கள். மூன்று பேருமே போன் பேசிக்கொண்டிருந்தபோது மோதியவர்கள். குடித்து ஓட்டியபோது யாரும் மோதவில்லை. அதற்காகக் குடித்து ஓட்டலாம் என்று அர்த்தம் ஆகாது. இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். கையில் பிடித்துப் பேசியதற்கும் பிடிக்காமல் பேசியதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காரணம், கை விடுபட்டாலும் கருத்து விடுபடுவதில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே மனசை வேறெங்கோ விட்டால் பால் பொங்கி வழிவது தெரியாது. அதே மாதிரிதான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தும் எதிரே வருவது மனசில் பதியாது.

ஒருவர் தடுமாறினால் பின்னால் வருபவர் எல்லாரும் தடுமாறுவார்கள்

கவனம் சிதறுவதால் விபத்து மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். போக்குவரத்து நெரிசலும் இதனால் வரும்.

ஜப்பானில் ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2008-இல் வெளியானது. வட்டத்தின் சுற்றளவு 230 மீட்டர். எல்லாரும் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக வேண்டும் என்று சொன்னார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, மாடு குறுக்கே வரவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் நெரிசல் உண்டாகி, சில கார்கள் நின்றே போயின. ஒருவர் லேசாக வேகம் குறைத்தால், பின்னால் வருபவர் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குறைக்கிறார். அவருக்குப் பின்னால் வருபவர் பிரேக்கே போடுகிறார். அந்தத் தடங்கல் அலை மாதிரி பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும்.

வாய்க்காலில் சீராக ஓடும் தண்ணீரில் ஒரு கட்டி மண் விழுந்தால் மேலே தேங்குவது போலத்தான் இதுவும். நல்ல கவனத்தோடு ஓட்டினாலே இப்படி என்றால், போனைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஊர்ந்து, பிறகு திடீரென்று பிரேக் போடுபவர் இருந்தால் எப்படி இருக்கும்? சந்தை நாளில் நாம் அரை மணி நேரம் ரோட்டில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதைக் குறைக்க, முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். முன் வண்டி ஒரு மரத்தைத் தாண்டியதிலிருந்து இரண்டு வினாடி கழித்து நம் வண்டி அந்த மரத்தைத் தாண்ட வேண்டும். மழையில் இன்னும் கூடுதல் இடைவெளி வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 184-வது பிரிவு, போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதை ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்திருக்கிறது. முதல் தடவை 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் அபராதம் 10,000 ரூபாய், இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. ஒரு லோடு ஆட்டோ குடும்பத்துக்குப் பத்தாயிரம் என்பது எத்தனை நாள் சம்பாத்தியம் என்று சொல்லத் தேவையில்லை.

போன் செய்பவர் யார்?

இதுதான் நாம் முக்கியமாக யோசிக்க வேண்டிய இடம். வண்டி ஓட்டுபவரின் பையில் போன் தானாக அடிப்பதில்லை. மறுமுனையில் யாரோ கூப்பிடுகிறார்கள். பல நேரம் அது வீட்டில் இருப்பவர்தான். 'எங்க வர்றீங்க? வரும்போது கால் கிலோ சர்க்கரை வாங்கிட்டு வாங்க' என்ற பேச்சுதான். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிக்கும். கோபப்படுவாளே என்று அவரும் எடுத்துவிடுவார். ஓட்டுபவரை மட்டும் திருத்தினால் போதாது. கூப்பிடும் பக்கமும் ஒரு பழக்கம் வர வேண்டும்.

'எடுக்கலைன்னா மனசு பதறுதே' என்று சொல்லும் சகோதரிகளுக்கு ஒரு எளிய வழி உண்டு. கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால், போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால். நடுவில் கூப்பிடுவதில்லை என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளலாம். அவசரமாகக் கூப்பிட வேண்டியிருந்தால் முதல் கேள்வி, 'வண்டியிலயா இருக்கீங்க?' என்பதாக இருக்கட்டும். 'ஆமா' என்றால், 'ஓரமா நிறுத்திட்டு கூப்பிடுங்க' என்று சொல்லி உடனே வைத்துவிட வேண்டும்.

'போன் எடுக்கலைன்னா சவாரி போயிடும்' என்பது ஆட்டோ ஓட்டுபவரின் கவலை. அதுவும் நியாயம்தான். இடது ஓரமாக நிறுத்திப் பேசிவிட்டுக் கிளம்ப இரண்டு நிமிடம் ஆகும். சவாரி காத்திருக்கும். போன உயிர் திரும்பாது.

பயணியாக இருக்கும்போது

டிரைவர் போனை எடுத்தால் நாம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. சண்டையும் வேண்டாம். 'தம்பி, வண்டிய ஓரமா நிறுத்திட்டு பேசுங்க, நாங்க காத்திருக்கோம்' என்று மரியாதையாகச் சொன்னால் போதும். ஒருவர் சொன்னால் கேட்காதவர், நாலு பேர் சேர்ந்து சொன்னால் கேட்பார். பள்ளி வேன் டிரைவர் பேசிக்கொண்டு ஓட்டினால் வண்டி எண், நாள், நேரம் குறித்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

எங்காவது விபத்தைப் பார்த்தால் 108-க்குச் சொல்லுங்கள். உதவி செய்தால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று பயப்பட வேண்டாம். நல்ல எண்ணத்தோடு உதவுபவர்களுக்கு 2019 திருத்தச் சட்டம் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம்

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநரும் பிரதிநிதிகளும் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். தீர்மான நோட்டில் இந்த நான்கையும் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடலாம்:

1. வண்டி ஓட்டும்போது நாம் போன் எடுக்க மாட்டோம்.
2. வண்டி ஓட்டுபவருக்கு போன் போட மாட்டோம். தெரியாமல் போட்டால் உடனே வைத்துவிடுவோம்.
3. டிரைவரின் இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார மாட்டோம்.
4. டிரைவர் போன் பேசினால் எல்லாரும் சேர்ந்து நிறுத்தச் சொல்வோம்.

ஒரு குழுவில் 12 பேர் என்றால் 12 குடும்பம். ஒரு ஊராட்சியில் 20 குழு என்றால் 240 குடும்பம். அத்தனை வீட்டிலும் இந்தப் பழக்கம் வந்தால் அந்த ஊர் ரோட்டில் வித்தியாசம் தெரியும். இதற்குக் கடன் வேண்டாம், மானியம் வேண்டாம், யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டாம். நாம் முடிவு எடுத்தால் போதும்.

பேசுவோம், தீர்மானிப்போம், கடைப்பிடிப்போம்!