வண்டியேறும் சிலிண்டர்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சிங்காநல்லூரில் எங்கள் தெருவில் ஒரு வாடகை வேன் வந்து நின்றது. பக்கத்து வீட்டார் குடும்பத்தோடு ராமேசுவர யாத்திரை கிளம்புகிறார்கள். பாய், தலையணை, அரிசிப் பை, பாத்திரக் கூடை எல்லாம் ஏறின. கடைசியாக அடுக்களையிலிருந்து காஸ் சிலிண்டர் உருண்டு வந்தது!

"ஏனுங்க, இதையுமா கொண்டு போறீங்க?" என்றேன்.

"ஓட்டல் சோறு கொழந்தைகளுக்கு ஒத்துக்கறதில்லை கண்ணு. போற வழியிலே மரத்தடியாப் பார்த்துப் பொங்கிக்கலாம்னுதான்" என்றார் அந்த அம்மாள்.

ஆசை நியாயமானதுதான். ஆனால் எனக்கு மதுரை ஞாபகம் வந்தது. 2023 ஆகஸ்டு 26ந் தேதி விடியற்காலை, லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்களின் தனிப் பெட்டி மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நின்றுகொண்டிருந்தது. விதியை மீறி உள்ளே கொண்டு வந்திருந்த சிலிண்டரை வைத்து யாரோ அடுப்பு மூட்டினார்கள். பெட்டி தீப்பற்றி எரிந்தது. ஒன்பது உயிர்கள் போயின. அவர்களும் ராமேசுவரம் போக இருந்தவர்கள்தாம்.

அடுக்களையில் சாதுவாக இருக்கும் சிலிண்டர், வண்டிக்குள் மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது? காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் படிந்து நிற்கும். உள்ளே திரவமாக இருப்பது வெளியே வந்ததும் ஏறக்குறைய 250 மடங்கு பெருகும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதும். வீட்டில் கதவு, ஜன்னல் உண்டு. நாலு பக்கமும் அடைத்த வண்டியில் அது எங்கே போகும்? ஆகவே ரயிலிலும் பஸ்ஸிலும் சிலிண்டரை ஏற்றவே கூடாது. ரயிலில் கொண்டு போனால் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைகூட உண்டு. வாடகை வேனில், ஆட்களின் காலடியில் வைத்துக்கொண்டு போவதும் அதே அபாயந்தான்.

"அப்படியானால் வண்டியில் சமைக்கவே முடியாதா?" என்று கேட்பீர்கள். அதற்கென்றே அமைந்த வண்டிகள் உண்டு. படுக்கை, அடுக்களை எல்லாம் அடங்கிய 'காரவான்' வண்டிகளில் ஊர் சுற்றும் திட்டத்தைக் கேரள அரசு 2021ல் அறிவித்தது. வாளையாறு தாண்டினால் கேரளந்தானே! அப்படிப்பட்ட வண்டியை அமர்த்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மெத்தையை அல்ல, சிலிண்டர் இருக்கும் இடத்தை. ஆட்கள் இருக்கும் பகுதியோடு சேராத தனி அறையில், நிமிர்ந்த நிலையில், அசையாமல் பூட்டியிருக்க வேண்டும். கசிந்த காஸ் வெளியேற அந்த அறையின் அடியில் திறப்பு இருக்க வேண்டும்.

எந்தச் சிலிண்டரை வாங்குவது? வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர், காலிச் சிலிண்டரின் எடையும் சேர்ந்து 30 கிலோவை நெருங்கும். அது வீட்டிலேயே இருக்கட்டும். பிரயாணத்துக்கு ஏற்றது 5 கிலோ சிலிண்டர். இந்தியன் ஆயில் அதற்கு 'சோட்டு' என்று செல்லப் பெயரே வைத்திருக்கிறது. விலாசச் சான்று வேண்டாம். அடையாளச் சான்று காட்டினால் போதும். தீர்ந்ததும் காலியைக் கொடுத்து நிரம்பியதை வாங்கிக் கொள்ளலாம்.

வாங்கும்போது கூச்சப்படாமல் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, எடை போடச் சொல்லுங்கள். காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். அதோடு 5 கிலோ கூடியிருக்க வேண்டும். இரண்டாவது, கழுத்தருகே உள்ள பட்டைகளின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச். பி, ஜூன் வரை. சி, செப்டம்பர் வரை. டி, டிசம்பர் வரை. அதுதான் அடுத்த சோதனைக்குரிய கெடு. கெடு தாண்டியதைத் தொடாதீர்கள். மூன்றாவது, உங்கள் ரெகுலேட்டர் அதில் சரியாகப் பொருந்துகிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள்.

கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரையைத் தடவிப் பார்க்க வேண்டும், தீக்குச்சியால் அல்ல! காஸ் நாற்றம் வந்தால் விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, எல்லோரும் இறங்கி விடுங்கள். உதவிக்கு 1906 என்ற எண்ணைக் கூப்பிடலாம். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டுவிட வேண்டும்.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடுங்குளிரில் அடுப்பு மந்தமாக எரியும். சிலிண்டரில் உள்ள பூட்டேன் சுமார் பூஜ்யம் டிகிரியில்தான் ஆவியாகும். குளிர ஆரம்பித்தால் சுணங்கும். அதற்காகச் சிலிண்டரைப் படுக்க வைப்பதோ, நெருப்புக்கருகில் வைத்துச் சூடேற்றுவதோ கூடவே கூடாது. குளிர் காய்வதற்கு அடுப்பை எரியவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது அதைவிட ஆபத்து. மணமில்லாத விஷவாயு, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

பக்கத்து வீட்டுச் சிலிண்டர் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? வந்த வழியே அடுக்களைக்குத் திரும்பிற்று. வேன் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு தூக்குப் புளிச்சோறு தயாராயிற்று. யாத்திரை முடிந்து வந்து தீர்த்தமும் கையுமாக நின்ற அம்மாள் சொன்னார்:

"மரத்தடியிலே பொங்கற வேலை மிச்சமாச்சு கண்ணு. எனக்கும் ஒரு நாள் லீவு கெடைச்ச மாதிரி இருந்துச்சு!"