முற்றத்துப் பானை

நன்றி என்னும் சொல்லை இன்று நாம் வழங்கும் பொருளில் நம் முன்னோர் வழங்கினாரல்லர். அவர்க்கு நன்றி என்பது நன்மை. ஒருவர் மற்றொருவர்க்குச் செய்த உதவி. திருக்குறளின் 11 ஆம் அதிகாரம் ‘செய்ந்நன்றியறிதல்’ எனப் பெயர் பெற்றமை இதற்குச் சான்றாகும். அங்கே பேசப்படுவது அறிதல். சொல்லுதலைப் பற்றி அத்தலைப்பிற் பேச்சே இல்லை. யாழ்ப்பாணத்து வீடொன்றிலே, சோறிட்ட தாயைப் பார்த்து மகன் ‘நன்றி’ என்று சொல்வானாயின், அவள் மகிழ்வதை விடுத்து, பிள்ளைக்கு என்ன நேர்ந்ததோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கவுங் கூடும். வாயாற் சொல்லாத அந்த நன்றியை நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்று தேடுவோமானால், தைத்திங்கள் முதல் நாளில் முற்றத்தில் ஏற்றும் பானையிலே அது அகப்படும்.

குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. தோட்டப் பயிருக்குக் கிணறு உண்டு. நெல்லுக்கு வானமே கதி. ஆவணி, புரட்டாதியில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையை வரம்பு கட்டி மறித்து, தை, மாசியில் அரிவி வெட்டுவர். மழை பிந்தினாலுங் கேடு. கதிர் முற்றிய பின் பெய்தாலுங் கேடு. இத்தகைய நிலத்திலே விளைந்த ஒரு பிடி நெல்லைக் கமக்காரன் தன் உழைப்பின் பயன் என்று மட்டும் எண்ணுதல் அரிது.

பொங்கலன்று எல்லா வயலும் முற்றியிருப்பதில்லை என்பதும் கருதத்தக்கது. பிந்திய விதைப்பானால் பழைய அரிசியே பானைக்குள் விழும். அதனாலேதான் புதிர் என்னும் இன்னொரு சடங்கு நம்மிடையே நிலைத்தது. நல்ல வேளை பார்த்து முதற் கதிரை அறுத்து வந்து, வீட்டிலே கட்டித் தூக்கி, அப்புதுநெல்லைக் குற்றிச் சமைத்துக் குடும்பத்தார் கூடி உண்பர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலாரும் தைப்பூசத்தையொட்டி வயலிலே புதிர் எடுப்பது வழக்கம்.

பொங்கலுக்கு முதல் நாளே முற்றம் சாணத்தால் மெழுகப்படும். விடியுமுன் உலக்கையை நிலத்தில் வளர்த்தி, அதன் மருங்கில் மாவைத் தூவி எடுத்தால், வளையாத கோடு விழும். நாற்புறமும் அவ்வாறு இட்டுச் சதுரம் அமைப்பர். நடுவே மூன்று கல் வைத்த அடுப்பு, பக்கத்தில் நிறைகுடம், பானையின் கழுத்திலே இஞ்சியிலையும் மஞ்சளிலையும். பயற்றை வறுத்துக் கோது நீக்கி, சர்க்கரையைச் சீவி, தேங்காயைத் துருவிப் பால் பிழிந்து வைத்தவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன். பால் பொங்கிச் சரிந்ததும் வீட்டுக்கு மூத்தவர் இரு கையாலும் அரிசியை அள்ளிப் பானையை மும்முறை சுற்றி இடுவார். அவரைத் தொடர்ந்து ஏனையோரும் இடுவர். தவழும் குழந்தையின் கையைப் பிடித்தும் நாலு மணி போடுவிப்பர். பானையில் எல்லாருடைய கையும் பட்டுவிட்டது. இனி அந்தச் சோறு எல்லாருக்கும் உரியது.

ஆயினும் நமது கூட்டுக்குடும்பம் ஒரே கூரையின் கீழ் ஒரே பானையில் உண்பதன்று. 1707 இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமையின்படி பெண்மக்களுக்குச் சீதனமாகக் காணி போகின்றது. ஆகவே ஒரு வளவு காலப்போக்கில் அக்காள் வீடு, தங்கை வீடு, குஞ்சியம்மா வீடு எனப் பிரிந்து, இடையிலே கிடுகுவேலிகள் எழுகின்றன. பொங்கலும் வீட்டுக்கொரு பானையாகிவிடுகிறது. ஆனால் வேலியிலே பொட்டு ஒன்று இருக்கும்! அந்தப் பொட்டு வழியாக இலையால் மூடிய தட்டங்கள் காலை முழுவதும் போய் வருகின்றன. தம் வீட்டிற் பொங்கியதையே பொங்கிய வீட்டுக்குக் கொடுப்பதில் என்ன பொருள் என்று இக்காலத்து இளைஞர் வினவலாம். எல்லைக் கதியால் ஒன்றுக்காக நீதிமன்றம் ஏறிய இரு குடும்பத்தார் பேச்சை மீளத் தொடங்குவதற்கு அந்தத் தட்டத்தை விடச் சிறந்த தூது உண்டா என்று அவர்களை நான் திருப்பி வினவுவேன்.

அவ்வாண்டிற் சாவு நேர்ந்த வீட்டிலே பானை ஏறாது. அன்றைய தினம் அந்த முற்றம் வெறுமையாய்க் கிடக்கும். சுற்றத்தார் தம் வீட்டுப் பொங்கலை எடுத்துச் சென்று, அங்குள்ளாரோடு இருந்து, அவர்களை உண்ணச் செய்துவிட்டே திரும்புவர். கணவனை இழந்தவள் முதற் கவளத்தை எடுக்கும் வரை ஒருவரும் எழார். உறவு என்பதன் முழுப் பெறுமதியும் தெரிவது அவ்வீட்டிலேதான் என்பது என் எண்ணம்.

இத்தகைய பெருமைகளைச் சொல்லும்போது ஒரு குறையை மறைத்தல் ஆகாது. பொங்கலின் மறுநாள் பட்டிப்பொங்கல். உழுத எருதைக் குளிப்பாட்டி, மாலை சூட்டி, அதற்கு முதலிற் பொங்கல் ஊட்டுகிறோம். ஆனால் அதே வயலில் அரிவி வெட்டிய மனிதனோ, நெடுங்காலம் படலைக்கு வெளியே நின்று பனையோலைப் பிளாவிலே தன் பங்கை வாங்கிப் போனான். எருதுக்குச் செய்த மரியாதையைக்கூட அவனுக்குச் செய்யாத நன்றி என்ன நன்றி? 1957 இல் இயற்றப்பெற்ற சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொதுவிடங்களைப் பற்றியது. வீட்டுப் பந்திக்கு ஆள் அழைக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. அடுப்படியிலே பயறு வறுத்தவளின் நிலையும் எண்ணத்தக்கதே. எல்லாரும் உண்டு எழுந்தபின், ஆறிய அடிப்பானைச் சோற்றோடு அவள் உட்காருகிறாள். ஆடவர் ஒருவர் எழுந்து அகப்பையைத் தாம் வாங்கிக்கொண்டு, ‘நீயும் இரு பிள்ளை’ என்று ஓர் இலையைப் போட்டால், பொங்கலின் புனிதம் எவ்வகையிலும் குன்றிவிடாது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அடுத்த தைப்பொங்கல் பலருக்குப் பிறர் முற்றத்திலும் பள்ளிக்கூட வளவிலுமே வந்தது. முன்பின் அறியாதார் தம் பானையில் அரிசி கூட்டிப் போட்ட அந்நாளிலே சுற்றம் என்ற சொல்லின் எல்லையும் அகன்றது. பின்னர் அச்சுற்றம் கடல்களைக் கடந்தது. கனடாவின் நாடாளுமன்றம் 2016 இல் சனவரியைத் தமிழர் மரபுத் திங்களாக ஏற்றது. ரொறன்ரோவிலே தைமாதச் சூரியன் எழும்போது எட்டு மணியாகிவிடுகிறது, வெளியே உறைபனி, முற்றமோ இல்லை. மின்னடுப்பின் மேல் சிறு பானையை ஏற்றி, புகையறிகருவி அலறாதபடி யன்னலைத் திறந்து வைத்துப் பொங்குகிறார்கள். நம் ஊரில் அப்பொழுது மாலை. தொலைபேசி மணி அடிக்க, ஆச்சி காதிலே வைத்து முதலாவதாகக் கேட்பது, பால் எந்தப் பக்கம் சரிந்தது என்பதையே.